படகுக்கேற்ற இயந்திரம்

யாழ்ப்பாண நகரின் தென்கரையில், கடல்நீரேரியின் விளிம்பில் அமைந்திருக்கிறது குருநகர். கரையூர் என்பது அதன் பழைய பெயர். இறங்குதுறையில் நிற்பவருக்குத் தெற்கே, நீருக்கப்பால், பூநகரிக் கரை, தென்மேற்கே மண்டைதீவு. அத்தீவைத் தாண்டி மேற்கே சென்றால் நீரேரி வாய்திறந்து பாக்கு விரிகுடாவோடு கலந்துவிடுகிறது. ஆகவே குருநகர்க் கடற்றொழிலாளிக்குக் கடல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பரவைக்கடல். பல இடங்களில் இடுப்பளவு நீர், அடியிலே சேறும் மணலும், அவற்றின்மேல் அடர்ந்து கிடக்கும் சாதாளை. நண்டும் இறாலும் இங்கே அகப்படும். மற்றது வெளிக்கடல். அங்கே நீர் ஆழம், அலை உயரம், தூரமும் அதிகம்.

இரண்டு கடலுக்கும் இரண்டு படகு வைத்திருக்க வசதி படைத்தோர் சிலரே. ஏனையோர் ஒரே படகையும் ஒரே இயந்திரத்தையும் கொண்டு இரண்டையும் சமாளிக்கின்றனர். சம்மாட்டியின் படகில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, இப்போது தமக்கென்று ஒரு படகு வாங்க எண்ணியிருக்கும் ஒருவரை மனத்தில் வைத்தே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். கடையிலே அவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி, "எத்தனை குதிரைவலு?" என்பதாகத்தான் இருக்கும். அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

முதலில் கேட்கவேண்டியது, ஆண்டிலே எத்தனை நாள் எந்த நீரில் தொழில் நடக்கிறது என்பதே. சோளகம் பலமாக வீசும் மாதங்கள் உண்டு. வாடைக்காலத்தின் கொந்தளிப்பான நாட்கள் உண்டு. திருநாட்களும் வலை பொத்தும் நாட்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கழித்துவிட்டு ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், வெளிக்கடல் நாட்கள் தாம் நினைத்ததைவிடக் குறைவு என்பதைப் பலர் காண்பார்கள். நாம் பேசும்போது பெரிய மீன் பட்ட நாளையே பேசுகிறோம். கடன் கட்டுவதோ சாதாரண நாளின் வருமானத்திலிருந்து. சாதாரண நாள் பரவைக்கடலில் கழியுமாயின், படகும் இயந்திரமும் பரவைக்கடலுக்கு ஏற்றனவாய் இருக்கவேண்டும். வெளிக்கடலில் அவை தாக்குப்பிடித்தால் போதும்.

அடுத்தது படகின் உடல். இக்காலத்தில் பெரும்பாலோர் வாங்குவது ஏறக்குறைய 18 முதல் 23 அடி வரை நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதன் அடிப்பகுதி கூர்மையாக இறங்கியிருந்தால் அலையைப் பிளந்து செல்லும். உடலுக்கு அதிர்ச்சி குறைவு. ஆயின் அது நீரினுள் ஆழமாக அமிழும், வற்றுநீரில் தரைதட்டும். அடிப்பகுதி தட்டையாக இருந்தால் முழங்காலளவு நீரிலும் மிதக்கும். ஒருவர் எழுந்து ஒரு பக்கமாக நின்று வலை வாங்கினாலும் படகு சட்டென்று சாயாது. வெளியே சென்றால் அதே தட்டையான அடி ஒவ்வோர் அலையிலும் பளார் பளார் என்று அறையும். இரண்டுக்கும் இடைப்பட்டதாக, அணியத்தில் கூராகவும் பின்னால் வரவர மட்டமாகவும் அமைந்த உடல்தான் நம்மவருக்கு உகந்தது. படகைக் கரையில் கவிழ்த்துவைத்துக் குனிந்து பார்க்காமல் விலை பேசலாகாது.

இயந்திரத்தைப் பற்றிச் சொல்லுமுன் அது இங்கு வந்த கதையையும் சிறிது சொல்லவேண்டும். படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய வெளியிணைப்பு இயந்திரத்தை, நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909 ஆம் ஆண்டில் வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். யப்பானிய யமஹா நிறுவனத்தின் முதல் வெளியிணைப்பு இயந்திரம் 1960 இல் வெளிவந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டும் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. பாயும் மரக்கோலும் இருந்த இடத்தில் கண்ணாடியிழையும் இயந்திரமும் வந்து சேர்ந்தன. பின்னர் வந்த போர்க்காலத்தில் கடலுக்குச் செல்லும் நேரம், தூரம், இயந்திரத்தின் வலு யாவற்றுக்கும் கட்டுப்பாடு ஏற்பட்டது. 2009 இல் போர் முடிந்து, கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தபோது, இத்தனை காலம் மறுக்கப்பட்ட பெரிய இயந்திரத்தின்மேல் ஆசை எழுந்தது இயல்பே. அந்த ஆசையை நான் குறைகூறவில்லை. அதன் விலையைத்தான் கணக்கிடச் சொல்கிறேன்.

இயந்திரத்தில் முதலில் பார்க்கவேண்டியது அதன் கால். பின்பலகையிலிருந்து நீருக்குள் இறங்கும் அந்தத் தண்டு சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும். குட்டைக்கால் 15 அங்குலம், நெட்டைக்கால் 20 அங்குலம். விசிறிக்குச் சற்று மேலே ஒரு தட்டையான தகடு இருப்பதைக் காணலாம். அந்தத் தகடு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி, அல்லது ஓர் அங்குலம் தாழ்வாக நிற்கவேண்டும். கால் நீண்டுவிட்டால் விசிறி சேற்றைக் கிண்டும், சாதாளை சுற்றிக்கொள்ளும். கால் குட்டையாகிவிட்டால் அலையில் பின்புறம் எழும்போது விசிறி காற்றை இழுத்து வெறுமனே அலறும், படகு நகராது. எனவே பின்பலகையின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது நன்று. இயந்திரத்தைச் சற்றே உயர்த்திச் சாய்த்து வைத்தபடி மெதுவாக ஓட்டுவதற்கான வசதி உண்டா என்பதையும் கேட்கவேண்டும். பரவைக்கடலில் அந்த ஒரு கொளுக்கி பல நாட்களைக் காப்பாற்றும்.

இனி விசிறி. இதன் சூட்சுமத்தை விளக்க, கனடாவிலிருந்து ஓர் உதாரணம் எடுக்கிறேன். நம்மவர் பலருக்கு அங்கே உறவினர் உண்டு. இருவர் அருகருகே அமர்ந்து செல்லும் காட்டுவழி வண்டி ஒன்று அங்கே புழக்கத்தில் இருக்கிறது. கோடையில் கரடுமுரடான பாதையில் உலாவுவதற்கும், மாரியில் முன்னே ஓர் இரும்புத் தகட்டை மாட்டி முற்றத்துப் பனியைத் தள்ளுவதற்கும் அதே வண்டியைப் பயன்படுத்துகிறார்கள். உலாவுவதற்கு மென்மையான வில்லும் வேகமும் வேண்டும். பனி தள்ளுவதற்கோ பாரமும், தாழ்ந்த கியரும், தகட்டின் சுமையில் முன்புறம் தொய்ந்துவிடாத உறுதியும் வேண்டும். வேகத்தை மட்டும் பார்த்து வாங்கியவர் முதற் பனியிலேயே சக்கரம் சுழல நின்றுவிடுவார். அந்த வண்டிக்குக் கியர் எதுவோ, படகுக்கு விசிறியின் சாய்வு அதுவே.

விசிறியில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் அதன் குறுக்களவு. இரண்டாவது, ஒரு சுற்றில் அது நீரைத் திருகிக்கொண்டு முன்னேறக்கூடிய தூரம், அங்குலத்தில். இரண்டாவது எண் பெரிதானால் வெறும் படகு பறக்கும். வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் நான்கு பேரும் ஏறினால் இயந்திரம் திணறும், சூடேறும், எரிபொருளைக் குடிக்கும். எண் சிறிதானால் வேகம் குறையும், சுமையை இழுக்கும். இயந்திரத்தோடு வரும் விசிறி எல்லோருக்கும் பொதுவானது. சுமையேற்றித் தொழில் செய்பவர் ஓரிரு அங்குலம் குறைந்த விசிறியை மாட்டிப் பார்க்கலாம். புதிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவு. பெரிய இயந்திரம் வேண்டும் என்று எண்ணுபவர்களுள் பலருக்கு உண்மையில் வேண்டியது வேறு விசிறிதான்.

வேகத்துக்கும் ஒரு விதி இருக்கிறது. நீரைத் தள்ளிக்கொண்டு செல்லும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. நீரில் படியும் பாகத்தின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை தெரியும். பதினாறடிக்கு வர்க்கமூலம் 4. எனவே மணிக்கு ஏறக்குறைய 5.4 கடல்மைல். அதற்குட்பட்ட வேகத்துக்குச் சிறிய இயந்திரமே தாராளம். அதைக் கடக்க வேண்டுமாயின் படகு தன் அலைமேல் ஏறி, நீரின்மீது சறுக்கவேண்டும். அதற்குத்தான் பெரிய வலு தேவைப்படுகிறது. வலை விடும்போதும் வாங்கும்போதும், சாதாளைக்கூடாகச் செல்லும்போதும் யாரும் அந்த வேகத்தை எட்டுவதில்லை. பரவைக்கடலில் 40 குதிரைவலுவை மாட்டிக்கொண்டு ஊர்ந்து போவது, உழவு யந்திரத்தைப் பூட்டித் தேங்காய் துருவுவது போன்றது.

எரிபொருட் கணக்குக்கு வருவோம். இரண்டு அடிப்பு இயந்திரம் முழுவேகத்தில் ஓடும்போது, பத்துக் குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ நான்கு லீற்றர் செலவாகும் என்பது பொதுவான மதிப்பு. அப்படியானால் 15 குதிரைவலுவுக்கு 6 லீற்றர், 25 க்குப் 10, 40 க்குப் 16. இலங்கையில் 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தடவையில் உயர்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். 40 குதிரைவலு இயந்திரத்தின் ஒரு மணிநேர ஓட்டம் 1,392 ரூபாவிலிருந்து 5,440 ரூபாவுக்குத் தாவியது. 15 குதிரைவலு வைத்திருந்தவருக்கு அதே ஒரு மணிநேரம் 522 இலிருந்து 2,040 ஆயிற்று. இருவருக்கும் அடிதான், ஆனால் சிறிய இயந்திரக்காரரால் மறுநாள் கடலுக்குப் போவதைப் பற்றி யோசிக்கவாவது முடிந்தது. விலைகள் ஏறும், இறங்கும், விகிதம் மாறாது.

மண்ணெண்ணெயா பெற்றோலா என்பதும் இதோடு சேர்ந்தது. மண்ணெண்ணெய்க்கென்றே அமைந்த இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். கரைக்கு வரும் அவசரத்தில் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவோரே மறுநாள் காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோக நிற்பவர்கள். நான்கு அடிப்பு இயந்திரம் எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும். எண்ணெய் கலக்கும் வேலையும் புகையும் இல்லை. ஆனால் விலை கூடியது, பாரமும் கூடியது, பொதுவாகப் பெற்றோலையே கேட்பது. இரண்டு அடிப்பு இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கரையோரம் எங்கும் கைதேர்ந்தோர் உளர். உதிரிப்பாகம் பக்கத்தில் கிடைக்கும் இயந்திரமே நல்ல இயந்திரம். மற்றச் சிறப்புகளெல்லாம் அதற்குப் பின்புதான்.

இவ்வளவையும் பார்த்த பிறகு குதிரைவலுவைத் தீர்மானிக்கலாம். ஐந்து நாளில் நான்கு நாள் பரவைக்கடலில் நிற்பவருக்கு, 18 அடிப் படகில் 9.9 அல்லது 15 குதிரைவலு போதும் என்பேன். 15 குதிரைவலு இயந்திரம் நாற்பது கிலோ அளவிலேயே இருப்பதால், மாலையில் கழற்றித் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகவும் இயலும். பாதி நாட்களாவது வெளிக்கடலில் கழிப்பவர், இருபது அடிக்கு மேற்பட்ட படகில் 25 குதிரைவலு பூட்டுவது நியாயம். 40 குதிரைவலு, நாள்தோறும் நெடுந்தூரம் ஓடி மீனை விரைந்து சந்தைக்குக் கொண்டுவர வேண்டியவருக்கே உரியது. வெளிக்கடலில் காற்று திடீரென்று எழும்போது வலு கைகொடுக்கும் என்று சொல்வோர் உண்டு; அது மெய்தான். ஆனால் ஒற்றை இயந்திரம் பெரிதாயினும் சிறிதாயினும் நின்றுவிட்டால் நின்றதுதான். துடுப்பு, நீண்ட கயிற்றோடு நங்கூரம், மாற்றுப் பிளக், விசிறியின் ஆணி, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி ஆகியவை படகில் இருக்கின்றனவா என்பதே அந்நேரத்தில் உயிரைத் தீர்மானிக்கும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, வலைக்கு மீன் வியாபாரியிடம் முற்பணம் பெறுபவர், பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டியவராகிறார். வெளிக்கடலில் இரவில் விட்ட வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போனால் அன்றே இரண்டாவது கடன் தொடங்கும். கடலின் அடியை வாரும் இழுவை மடித் தொழிலை இலங்கைச் சட்டம் 2017 இல் தடைசெய்தது; வலை இழக்கும் அச்சம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆகவே இயந்திரத்தின் விலையில் மிஞ்சும் தொகையை ஒரு செட் வலைக்கென்று ஒதுக்கிவைப்பது பேராசை அல்லாதவரின் காப்புறுதி.

பழைய இயந்திரம் வாங்குவோர் நான்கு இடங்களைப் பார்க்கவேண்டும். ஓடும்போது பக்கத்துத் துவாரத்தால் நீர்த்தாரை சீராகப் பாய்கிறதா. பாயாவிட்டால் மணல் தின்ற நீரேற்றியை மாற்றவேண்டியிருக்கும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால் பால்போல் வெளுத்திருக்கிறதா. வெளுத்திருந்தால் உள்ளே உப்புநீர் புகுந்துவிட்டது. கயிற்றை மெதுவாக இழுக்கும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிகிறதா. தெரியாவிட்டால் உள்ளே தேய்ந்துபோயிற்று. படகையும் சேர்த்து வாங்குவதானால், பின்பலகையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கவேண்டும். கணீரென்ற ஒலி மங்கி மொத்தென்று கேட்டால் கண்ணாடியிழைக்குள் இருக்கும் பலகை உக்கியிருக்கிறது. அதிலே எந்த இயந்திரத்தையும் மாட்டக்கூடாது. இவை சரியாக இருந்தால், வெறும் படகில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காமல், தொழிலுக்குப் போகும் ஆட்களையும் வலையையும் ஏற்றிக்கொண்டு மண்டைதீவுப் பக்கம் ஒரு தடவை போய்வந்து, எரிபொருட் கலனில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்த்தபின் விலையைப் பேசலாம். வாங்கியபின், தொழில் முடிந்து வந்த ஒவ்வொரு நாளும் ஒரு பீப்பாய் நன்னீரில் காலை அமிழ்த்திப் பத்து நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவினால், இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும்.