மின்சாரத் தொடரின் பலவீனம்

2012-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்சாரத் தொடர்கள் மூன்றும் ஒருங்கே வீழ்ந்து, அறுபது கோடி ஜனங்களுக்கு மேல் வாழும் பிரதேசம் ஸ்தம்பித்ததை நேயர்கள் மறந்திரார். முந்தின நாளும் வடக்கு வீழ்ந்தது. இரு நாளும் முதலில் விடுபட்டது பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் வழியே. கம்பி அறுபடவில்லை, ராஜ்யங்கள் பங்குக்கு மேல் இழுத்த பாரத்தைக் காவல் கருவி பழுதென மயங்கித் துண்டித்தது!

தெற்கு தப்பியது நமது சாமர்த்தியத்தினாலன்று. அப்பொழுது நாம் ஒரே தொடராக இணைக்கப்படாததே காரணம். 2013 டிசம்பர் 31-ந் தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் வழி அவ்விணைப்பைச் செய்துவிட்டது. இனி அங்கு நேரும் பிழை இங்கும் விளக்கணைக்கலாம். புதிய நிலையங்களுக்கு மாலையும் மேளமும் உண்டு; பழைய டிரான்ஸ்பார்மரை மாற்றுவதற்கு எந்த மந்திரி வருகிறார்? வெயிலையும் காற்றையும் நம்பி ஏறி இறங்கும் மின்சக்தி பெருகிவரும் இந்நாளில், கம்பிகளுக்கும் காவல் கருவிகளுக்கும் சர்க்கார் முதலில் பணம் ஒதுக்கவேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.