கடலை இல்லாமல் ஒட்டுமா?

மகளின் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பில் ஒரு குழந்தைக்குக் கடலை ஒவ்வாமை, அதனால் யாரும் தின்பண்ட டப்பாவில் கடலை வைத்து அனுப்ப வேண்டாம் என்று இரண்டே வரி. எந்தக் கடலை என்று அதில் இல்லை.

தமிழில் இது சின்னக் கேள்வி இல்லை. கடலை எண்ணெய் என்றால் வேர்க்கடலையில் ஆட்டியது. கடலை மாவு என்றால் கடலைப்பருப்பை அரைத்தது, அதாவது கொண்டைக்கடலை இனம். பெயருக்குப் பழைய சொந்தக்காரர் கொண்டைக்கடலைதான். தென் அமெரிக்காவில் பிறந்த வேர்க்கடலை பின்னால் வந்து அதில் பங்கு வாங்கிக்கொண்டது. விழுப்புரம் பக்கம் இன்றும் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது மருவி வந்த பெயர்.

ஆனால் அது கொட்டையும் இல்லை. துவரை, உளுந்து, கொண்டைக்கடலை எல்லாம் இருக்கும் பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாதாம், முந்திரி, பிஸ்தா, அக்ரூட் ஆகியவை வேறு வேறு மரங்களின் கொட்டைகள். குடும்பம் எதுவானாலும் ஒவ்வாமை உள்ள உடலில் நடப்பது ஒன்றுதான். அவற்றிலுள்ள சில புரதங்களை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாளி என்று தப்பாகப் பதிந்து வைத்துவிடுகிறது. அடுத்த முறை அந்தப் புரதம் துளி உள்ளே போனாலும் ஹிஸ்டமின் முதலான பொருள்கள் கொட்டத் தொடங்கும். தோல் தடிக்கும், உதடு வீங்கும், சிலருக்கு மூச்சுக்குழலே சுருங்கிவிடும். வறுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. வேர்க்கடலையின் முக்கியமான ஒவ்வாமைப் புரதங்களில் ஒன்று கந்தகப் பிணைப்புகளால் இறுக்கித் தைத்த மூட்டை போன்றது. சூட்டுக்கும் வயிற்று அமிலத்துக்கும் அவ்வளவு எளிதில் பிரியாது. வறுப்பதால் அதன் வீரியம் கூடவே செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மகளுக்கோ வாரம் இரண்டு நாள் கிரனோலா பார் வேண்டும், ஓட்ஸையும் கொட்டைகளையும் சேர்த்துப் பிடித்த இனிப்புத் துண்டு. கடையில் எடுத்துப் பார்த்த உறைகளிலெல்லாம் பாதாம் இருந்தது, இல்லையென்றால் கொட்டைகளைக் கையாளும் ஆலையில் தயாரானது என்ற எச்சரிக்கை இருந்தது. சரி, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

இந்தப் பண்டத்தின் மூதாதை ஒரு வைத்தியசாலைச் சாப்பாடு. 1863-இல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற மருத்துவர் முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டு, கிரனூலா என்று பெயர் வைத்தார். பாட்டில் கிரீக் என்ற ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற இன்னொரு மருத்துவர் அதேபோல ஒன்றைச் செய்து அதே பெயரை வைக்க, வழக்கு வரும் என்றானதும் ஓர் எழுத்தை மாற்றி கிரனோலா ஆக்கினார். அதில் தேனும் இல்லை, கொட்டையும் இல்லை. அவையெல்லாம் பின்னால் வந்து சேர்ந்த அலங்காரம்.

என் முதல் முயற்சியில் பேரீச்சம்பழத்தை அரைத்து ஓட்ஸோடு பிசைந்தேன். டப்பாவுக்குள்ளேயே உதிர்ந்து போயிற்று. வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்காததால்தான் ஒட்டவில்லை என்று நினைத்தேன். அடுத்த முறை வெல்லப்பாகு காய்ச்சினேன். பல்லில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. தொலைபேசியில் அம்மாவிடம் புலம்பியபோது ஒரே கேள்விதான் கேட்டாள்: “தண்ணியில விட்டுப் பாத்தியா?”

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்த எல்லா அம்மாக்களுக்கும் தெரிந்த சோதனை அது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டுப் பாகை விட வேண்டும். கரைந்து கலங்கினால் பதம் வரவில்லை. விரலில் உருட்டி அழுத்தும்போது நசுங்கினால் மென்மையான உருண்டைப் பதம். உருண்டையைத் தட்டில் போட்டு டங்கென்று சத்தம் கேட்டால் பொரி உருண்டைக்கும் கடலை மிட்டாய்க்கும் ஏற்ற பதம்.

அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் அளப்பது, பாகில் மிச்சம் இருக்கும் தண்ணீரை. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை ஏறும். நீர் ஆவியாகிப் பாகு கெட்டிப்பட கெட்டிப்பட இன்னும் ஏறும். அதனால் கொதிக்கும் பாகின் வெப்பநிலையைப் பார்த்தே அதில் எவ்வளவு நீர் பாக்கி என்று சொல்லிவிடலாம். சர்க்கரைப் பாகில் சுமார் 115 டிகிரியில், அதாவது நசுங்கும் பதத்தில், 15 சதவீதம் நீர் இருக்கும். 140 டிகிரியை நெருங்கும்போது, டங்கென்ற பதத்தில், 5 சதவீதம்தான். வெல்லத்தின் தரத்தைப் பொறுத்து இது கொஞ்சம் முன்பின் ஆகும்.

கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, 200 கிராம் வெல்லம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நசுங்கும் உருண்டைக்கும் டங்கென்ற சத்தத்துக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய 25 மில்லி தண்ணீர். ஒன்றரை மேசைக்கரண்டிக்குச் சற்று மேல்! தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 105 டிகிரிவரை பாகு நுரைத்துக்கொண்டு ஆற அமர நிற்கும். 110-ஐத் தாண்டியதும் நுரை அடங்கி, குமிழிகள் சிறுத்துக் கெட்டியாகி, முள் கிடுகிடுவென ஏறும். அந்த நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனால் கதை முடிந்தது.

சூடாக இருக்கும்போது பாகு இளகி ஒவ்வொரு மணியையும் நனைக்கிறது. ஆறும்போது மணிக்கும் மணிக்கும் இடையில் சின்னச் சின்னப் பாலமாக இறுகுகிறது. நீர் நன்றாக வற்றியிருந்தால் அந்தப் பாலம் கண்ணாடி. சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ளாமல் தாறுமாறாக உறைந்த, ஜன்னல் கண்ணாடி போன்ற திடநிலைதான் அது. வெல்லத்தில் குளுக்கோஸும் பிரக்டோஸும் கொஞ்சம் கலந்திருப்பதால் படிகமாவது தடைபடுகிறது. அதே பிரக்டோஸ் காற்றின் ஈரத்தை ஆவலாக இழுக்கும். மழை நாளில் கடலை மிட்டாய் பிசுபிசுப்பது அதனால்தான்.

ஆக, பிடிப்பது பாகு. கடலை சும்மா கூட இருக்கிறது. மொறுமொறுப்பும் எண்ணெயும் புரதமும் தருகிறது. அந்த மூன்றையும் பூசணி விதை தரும். 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம் அதற்கு உண்டு. பொரி சேர்க்க ஆசைப்பட்டால் டங்கென்ற பதம் கட்டாயம். இளம்பாகின் ஈரத்தைப் பொரியின் பொந்துகள் உறிஞ்சி, மறுநாளே நமத்துப்போகும்.

இப்போது என் வீட்டில் நிலைத்த அளவு இது. ஓட்ஸ் 170 கிராம், பொட்டுக்கடலை 70, பூசணி விதை 40, சூரியகாந்தி விதை 40; தனித்தனியே வாசம் வரும்வரை வறுத்தது. வெல்லம் 200 கிராமை 60 மில்லி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, 120 டிகிரிவரை காய்ச்சி, ஒரு கரண்டி நெய்யும் சுக்கும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொட்டிக் கிளற வேண்டும். நெய் தடவிய தட்டில், அடி தட்டையான கிண்ணத்தால் பலம் கொடுத்து அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தப் பாலங்கள் கூடும். சூடு ஆறுமுன் 16 துண்டு போட்டுவிடுங்கள். ஆறியபின் கத்தி வைத்தால் உதிரும்.

சத்தானதா என்று கேட்டால், பாதி உண்மை. ஒரு துண்டில் 12 கிராமுக்குமேல் வெல்லம் இருக்கிறது. உடலுக்கு வெல்லமும் சர்க்கரைக் கணக்குதான். பெரியவர்களுக்கே நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டப்பாவில் ஒன்று போதும்.

பொட்டுக்கடலையும் பயறுக் குடும்பம்தான். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு இல்லை. எள்ளும் நம்பக்கூடியதல்ல, அமெரிக்காவில் 2023 முதல் உணவு உறையில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் அது ஒன்பதாவது. நேற்று வேர்க்கடலை வறுத்த வாணலி என்றால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கையையும் அப்படியே, சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது. வாங்கும் விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள். பகிர்ந்து தின்னக் கொடுத்தனுப்புவதாக இருந்தால், முதல் நாளே அந்தக் குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டு, என்னென்ன போட்டீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். கடலை என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கடலை என்று சொல்லுங்கள்.