பி.பி.எம். என்றால் என்ன?



ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வடக்கே ஒரு பயணம் போவோமா? வலப்புறம் காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் கடலும். இடப்புறம் வீடுகளும் தொழிற்சாலைகளும். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் ஒரே மூன்றெழுத்துச் சுருக்கத்தைக் காணலாம். அதுதான் பி.பி.எம்.

ஓர் அலுவலகத்தில் நுழைகிறோம். அங்குள்ள அச்சுப்பொறியின் விவரத்தாளில் '20 பி.பி.எம்.' என்று இருக்கிறது. இது 'பேஜஸ் பெர் மினிட்'. அதாவது, ஒரு நிமிடத்தில் 20 பக்கங்களை அச்சிடும் என்று பொருள். அடுத்து ஒரு தொழிற்சாலை. 'இன்று பி.பி.எம்.; இயந்திரம் ஓடாது' என்கிறார் அதன் மேற்பார்வையாளர். இங்கே அது, பழுது வருமுன் திட்டமிட்டுச் செய்யும் பராமரிப்பைக் குறிக்கிறது.

நிலவியல் அறிஞரைக் கேட்டால், பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் ஒரு கருவியைச் சொல்வார். புரோட்டான்களின் சுழற்சியைக் கொண்டு அளக்கும் அந்தக் கருவியால் கடலடியில் புதைந்து கிடக்கும் இரும்புப் பொருள்களையும் தேடலாம். மின்னணுப் பொறியாளருக்கோ பி.பி.எம். என்பது, ஒரு துடிப்பு எந்த நேரத்தில் வருகிறது என்பதைக் கொண்டே செய்தி அனுப்பும் முறை.

எழுத்துகள் மூன்றுதான், பொருளோ பல! ஆனால் இந்தப் பொருள்களைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்று பார்த்தாலே விளங்கிவிடும். உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு

விஞ்ஞானத்தில் பி.பி.எம். என்பது பெரும்பாலும் 'பார்ட்ஸ் பெர் மில்லியன்', அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு. நூற்றில் இத்தனை என்றால் சதவீதம் என்கிறோம் அல்லவா? மிக நுண்ணிய அளவுகளுக்குச் சதவீதம் வசதிப்படாது. ஒரு பி.பி.எம். என்பது 0.0001 சதவீதம்.

கப்பலின் அடித்தளத்தில் எண்ணெய் கலந்த நீர் சேரும். அதைச் சுத்தம் செய்து கடலில் விடும்போது எண்ணெய் 15 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மார்ப்போல் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் விதி. டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கடல்நீரில் உப்புகள் ஏறக்குறைய 35,000 பி.பி.எம்.; குடிநீரிலோ கரைந்த உப்புகள் 500-க்குள் இருப்பது நல்லது. இந்த இடைவெளியைக் கடக்கத்தான் 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது.

நீரைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம், அதாவது 10 லட்சம் மில்லிகிராம். எனவே, ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கரைந்திருந்தால் அது ஒரு பி.பி.எம். இது எடைக்கு எடை. காற்றில் அப்படி இல்லை. வாயுக்களுக்குப் பி.பி.எம். என்றால் பொதுவாகக் கன அளவுக்குக் கன அளவு. ஒரே சுருக்கம், ஒரே விரிவு, ஆயினும் கணக்கு வேறு!

எண்ணூரில் ஓர் இரவு

இந்த வேறுபாடு ஏட்டுக்கணக்கு மட்டும் அல்ல. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் தாங்காமல் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அப்போது இரண்டு அளவுகளை வெளியிட்டது. தொழிற்சாலை வாயிலில் காற்றில், ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா, வரம்பு 400. கடல்நீரில், ஒரு லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5.

2,090 பெரிதா, 49 பெரிதா? எண்களை மட்டும் பார்த்தால் காற்றுதான் மிக மோசம் என்று தோன்றும். ஆனால் கடல்நீரின் அளவு 49 பி.பி.எம். காற்றின் அளவு என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம்.

அமோனியாவின் மூலக்கூறு எடை 17. சாதாரண அழுத்தத்தில், 25 டிகிரி செல்சியஸில், 17 கிராம் அமோனியா ஏறக்குறைய 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும். 2,090 மைக்ரோகிராம் என்பது 2.09 மில்லிகிராம், அது அடைக்கும் இடம் 3 மில்லிலிட்டர். ஒரு கன மீட்டரில் 10 லட்சம் மில்லிலிட்டர் இருப்பதால் விடை 3 பி.பி.எம். இதையே எடைக்கு எடை என்று கணக்கிட்டால் சுமார் 1.8 தான் வரும். எந்தக் கணக்கு என்று சொல்லாவிட்டால், ஒரே காற்றுக்கு இரண்டு விடைகள்!

இங்கே ஒருவர், "அப்போதைய தொழிற்சாலைச் சட்டம் அமோனியாவுக்கு 25 பி.பி.எம். வரை அனுமதித்ததே! 3 தானே, பயம் எதற்கு?" என்று கேட்கலாம். இந்த வாதத்தில் உள்ள பிழையைக் கண்டுபிடித்தீர்களா? அந்த 25, வேலைத்தளத்தில் 8 மணி நேரம் பணிபுரியும் தொழிலாளர்களுக்கான சராசரி வரம்பு. 400 மைக்ரோகிராம் என்பதோ, கைக்குழந்தை, முதியவர், நோயாளி உட்பட எல்லாரும் சுவாசிக்கும் ஊர்க்காற்றுக்கான 24 மணி நேரச் சராசரி வரம்பு. மேலும், அளந்தது ஓர் இடத்தில், ஒரு வேளையில். கசிவு தொடங்கியபோது கடற்கரையை ஒட்டிய வீடுகளில் எவ்வளவு இருந்தது என்பதை வாயிலில் எடுத்த அளவு சொல்லாது.

ஆகவே, பி.பி.எம். என்று எங்கே கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதில்? எடையா, கன அளவா? எவ்வளவு நேரத்துக்கு, யாருக்கு?

செய்து பாருங்கள்

ஏழு சிறு கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். முதல் கிண்ணத்தில் 10 மில்லிலிட்டர் எழுதும் மை. மற்ற ஆறிலும் 9 மில்லிலிட்டர் தண்ணீர். முதல் கிண்ணத்திலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து இரண்டாவதில் கலக்குங்கள். இரண்டாவதிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து மூன்றாவதில் கலக்குங்கள். இப்படியே ஏழாவது வரை செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றாகக் குறைவதால் ஏழாவது கிண்ணத்தில் மை 1 பி.பி.எம்.

எந்தக் கிண்ணத்தில் நிறம் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் கண்ணுக்குத் தெரிவது வெறும் தண்ணீர்தான். ஆனால் மை அதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததை மீனின் செவுளும் குழந்தையின் நுரையீரலும் உணரக்கூடும். அதனால்தான் அதை அளக்கிறோம். அளந்ததைச் சரியாகப் படிக்கவும் கற்கிறோம்.