கரண்டிக்குள் மீயொலி: யார் கைக்கு எட்டும்?

புதுதில்லி: உறைந்த ஐஸ்கிரீமைக் குடைந்தெடுப்பதும், பிசுபிசுப்பான இனிப்பை உதிராமல் வெட்டிப் பரிமாறுவதும் பார்ப்பதற்கு எளிய வேலைகள். நாள் முழுவதும் அதையே செய்பவரின் மணிக்கட்டுக்குத்தான் அதன் பாரம் தெரியும். அந்தப் பாரத்தைக் குறைக்க இப்போது மீயொலி அதிர்வு துணைக்கு வந்துள்ளது. ஆலைகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் இத்தொழில்நுட்பம், கையில் பிடிக்கும் கருவிகளுக்குள் நுழையத் தொடங்கியுள்ளது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனம், மீயொலியில் அதிரும் சமையல் கத்தியை 2025 செப்டம்பரில் அறிவித்தது. நொடிக்கு 30 ஆயிரம் முறைக்கு மேல் அதிரும் இக்கத்தியின் விலை 399 டாலர். இந்திய மதிப்பில் 30 ஆயிரம் ரூபாய்க்கும் அதிகம். இதே தத்துவத்தைப் பரிமாறும் கரண்டிக்கும் ஐஸ்கிரீம் அகப்பைக்கும் பொருத்த முடியும்.

அடுப்பங்கரையில் உள்ள அறிவியல்

இதன் அடிப்படை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால், உள்ளே இருக்கும் பீங்கான் போன்ற சிறு துண்டு அழுத்தம் பட்டு மின்பொறியை உண்டாக்குகிறது. இந்த அழுத்தமின் விளைவைப் பிரான்சின் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தனர். மின்சாரம் கொடுத்தால் அதே பொருள் சுருங்கி விரியும் என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. லைட்டரில் அழுத்தம் மின்சாரமாகிறது. மீயொலிக் கத்தியில் மின்சாரம் அசைவாகிறது.

இந்த அசைவை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியது போர்க்களம். முதல் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய, 1917-ல் பால் லான்ஜவன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் குவார்ட்ஸ் படிகத்தை எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து நீரில் மீயொலியைச் செலுத்தினார். இன்றைய மீயொலிக் கருவிகளின் அமைப்பும் ஏறத்தாழ அதுவே. குவார்ட்சுக்குப் பதிலாக, ஈயம் கலந்த அழுத்தமின் பீங்கான் வந்துவிட்டது. அது கைப்பிடிக்குள் மூடி வைக்கப்படுகிறது. உணவைத் தொடுவது டைட்டானியம் அல்லது எஃகுப் பகுதி மட்டுமே.

நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகளுக்கு மேல் போனால் மனிதச் செவிக்குக் கேட்காது. அலகு நகரும் தூரமோ தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. ஆயினும், அலகுக்கும் உணவுக்கும் இடையிலான தொடர்பு கணத்துக்குக் கணம் விட்டுவிட்டு அமைவதால் உராய்வு குறைகிறது. ஒட்டும் பண்டம் எளிதில் விலகுகிறது. ஐஸ்கிரீமில் தொடும் இடம் மட்டும் சிறிதளவு சூடேறி, மெல்லிய படலம் உருகி வழிவிடுகிறது. கேக், பாலாடைக் கட்டி, பருப்பு கலந்த இனிப்பு வகைகளை உணவு ஆலைகள் இம்முறையில் சீராக வெட்டுகின்றன. அளவு சீராக இருப்பதால் சேதாரமும் குறைகிறது.

கரண்டியின் சிக்கல்

கத்திக்குப் பொருந்துவது கரண்டிக்கு அப்படியே பொருந்தாது. 20 ஆயிரம் அதிர்வில், டைட்டானியத்தில் அரை அலைநீளம் சுமார் 12 செ.மீ. கருவியின் நீளமும் வடிவமும் இதற்கு இசைந்தால்தான் அதிர்வு முனை வரை சென்று சேரும். குழிந்த கரண்டியில் இந்த இசைவைப் பெறுவது கடினம். உணவு ஏற ஏற அதிர்வெண்ணும் நழுவும். அதைத் தொடர்ந்து சரிசெய்ய மின்னணுச் சுற்று வேண்டும். பருப்பு, சாம்பார் போன்ற நீர்த்த பண்டங்களோ அதிரும் பரப்பில் பட்டதும் நுண்துளிகளாகத் தெறிக்கும். எனவே கெட்டியான, ஒட்டும், உறைந்த பண்டங்களுக்கே இக்கருவி ஏற்றது. அலகு சூடேறுவதால் விரல் படாத பாதுகாப்பும் அவசியம்.

பரிமாறும் கருவியில் புதுமை என்பது பணக்கார நாட்டின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரே கையால் இயக்கக்கூடிய ஐஸ்கிரீம் அகப்பைக்கு 1897-ல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் கிரேல், அமெரிக்கக் கறுப்பினத்தவர். இரு கைகளாலும் மல்லாடிய பணியாளர்களின் சிரமத்தைக் கண்டே அவர் அதை உருவாக்கினார். 1930-களில் ஷெர்மன் கெல்லி என்பவர், கைச்சூட்டைக் கடத்தும் திரவம் நிரப்பிய அகப்பையை வடிவமைத்தார். இரண்டுக்கும் தொடக்கம் உண்பவரின் வசதி அல்ல, உழைப்பவரின் கை.

சாகிபாபாத்தில் உள்ள திறன்

மீயொலிக் கருவியின் இதயமான அழுத்தமின் பீங்கானை இந்தியா இறக்குமதி செய்தே தீர வேண்டும் என்ற நிலை இல்லை. தில்லியை ஒட்டிய சாகிபாபாத்தில், 1974-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் (சி.இ.எல்.) அதைத் தயாரிக்கிறது. கடற்படையின் சோனார் கருவிகளுக்கு இந்தப் பீங்கான்கள் பயன்படுகின்றன. நாட்டின் முதல் சூரிய மின்கலத்தை 1977-ல் உருவாக்கியதும் இந்நிறுவனமே.

இந்த நிறுவனத்தைத் தனியாருக்கு ரூ.210 கோடிக்கு விற்க 2021 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. மதிப்பு குறைத்துக் கணக்கிடப்பட்டதாக எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. ஊழியர் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. 2022 ஜனவரியில் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டு, அதே ஆண்டில் கைவிடப்பட்டது. 2025-ல் அதே நிறுவனத்துக்கு 'மினி ரத்னா' தகுதி வழங்கப்பட்டது. விற்கத் துணிந்த சொத்தையே நான்கு ஆண்டுகளுக்குள் ரத்தினம் என்று அழைக்க நேர்ந்தது, பொதுத்துறையின் அறிவுச் செல்வத்தை அரசு எவ்வாறு மதிப்பிடுகிறது என்ற கேள்வியை எழுப்புகிறது.

நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறியும் திறன் உள்ள நாட்டுக்கு, இனிப்புக் கடை ஊழியரின் கைக்கு உதவும் கருவியைச் செய்வது இயலாத காரியமல்ல. பொது ஆய்வகத்தின் அறிவைச் சிறுதொழில் கூடங்களுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடுதான் தேவை. அது இல்லாதவரை இத்தகைய கருவிகள் வெளிநாட்டு விலையில், நட்சத்திர ஓட்டல்களின் சமையலறைக்கு மட்டுமே வந்து சேரும்.

முன்னுரிமை எது?

நாட்டில் மிக அதிகமாக உணவு பரிமாறுபவர்கள் நட்சத்திர ஓட்டல்களில் இல்லை. அரசுப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டத்தில் சுமார் 25 லட்சம் சமையலர்-உதவியாளர்கள் பணிபுரிகின்றனர், பெரும்பாலோர் பெண்கள். 25 மாணவர் வரை ஒருவர், 100 மாணவர் வரை இருவர் என்பது விதி. 2009-ல் இவர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட மாத மதிப்பூதியம் ரூ.1,000, அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு மட்டுமே. பல மாநிலங்கள் தம் நிதியிலிருந்து கூடுதலாகத் தருகின்றன. மத்திய அரசின் கணக்கில் அத்தொகை பத்தாண்டுகளுக்கும் மேல் உயரவே இல்லை.

அந்த ரூ.1,000 கணக்கில், ஒரு மீயொலிக் கத்தியின் விலை மூன்று கல்வியாண்டு உழைப்பின் ஊதியத்துக்கும் அதிகம். இவர்களுக்கு முதலில் தேவைப்படுவது மீயொலிக் கரண்டி அல்ல. நியாயமான ஊதியமும், புகையற்ற அடுப்பும், தூக்க எளிதான பாத்திரமும்தான். ஆனாலும், புதிய கருவி யாருக்காக வடிவமைக்கப்படுகிறது என்ற கேள்வி இவர்களை விட்டுவிட்டு எழக்கூடாது. பொதுப்பணத்தில் வளர்ந்த அறிவுக்கு, பொதுப்பந்தியில் பரிமாறும் கைகளிடமும் ஒரு கடன் உண்டு.