கெண்டைச்சதை ஏன் பிடித்துக்கொள்கிறது?

நள்ளிரவு. அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தூக்கத்திலேயே காலை நீட்டிச் சோம்பல் முறிக்கிறீர்கள். அவ்வளவுதான்! கெண்டைக்கால் சதை கல்லைப்போல் இறுகுகிறது; உயிரே போய்விடும்போல் வலிக்கிறது. பாதம் கீழ்நோக்கி வளைந்து நின்றுவிடுகிறது. ஓரிரு நிமிடங்கள் கழித்து வலி மெல்ல அடங்குகிறது. "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்கிறார் பாட்டி.

உண்மையில் சுருண்டுகொண்டது நரம்புதானா? பார்ப்போம், நண்பர்களே!

தரையில் காலை நீட்டி உட்காருங்கள். கெண்டைச்சதைமேல் கையை வையுங்கள். பாதத்தை மெதுவாகக் கீழ்நோக்கி நீட்டுங்கள். சதை திரண்டு கெட்டியாகிறது அல்லவா? இப்போது கால்விரல்களை முழங்காலை நோக்கி மடக்குங்கள். சதை நீள்கிறது, பின்புறம் இழுப்பதுபோல் தோன்றுகிறது. கணுக்காலை அசைக்கும் முக்கியமான தசை கணுக்காலில் இல்லை, கெண்டைக்காலில் இருக்கிறது. குதிகாலுக்கு மேலே கயிறுபோல் தட்டுப்படும் தசைநாண்தான் அதை எலும்போடு இணைக்கிறது.

இந்தத் தசை தானாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்து இயக்க நரம்பு வழியாக மின் துடிப்புகள் வந்தால்தான் சுருங்கும். துடிப்புகள் நின்றால் தளரும். குரக்குவலியின்போது நாம் விரும்பாமலே துடிப்புகள் மிக வேகமாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே நரம்பு சுருளவில்லை. அது ஓயாமல் கட்டளை இடுகிறது, அவ்வளவே. சுருங்குவது தசைதான். ஆனாலும் பாட்டி நரம்பின்மேல் பழி போட்டதில் பாதி உண்மை இருக்கிறது!

கட்டளை ஏன் நிற்பதில்லை?

தசைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே இரண்டு வகைச் செய்திகள் ஓடுகின்றன. தசைக்குள் இருக்கும் உணர்விகள் "இன்னும் சுருங்கு" என்று தூண்டும் செய்தியை அனுப்புகின்றன. தசைநாணில் உள்ள உணர்விகள், நாண் விறைப்பாக இழுபடும்போது, "போதும், நிறுத்து" என்று தடுக்கும் செய்தியை அனுப்புகின்றன. இத்தாலிய அறிஞர் கோல்கியின் பெயரால் இவை கோல்கி நாண் உறுப்புகள் எனப்படுகின்றன.

தசை மிகவும் களைத்துப்போனால் தூண்டும் செய்தி மிகுந்து, தடுக்கும் செய்தி குறைகிறது. தசை முன்பே சுருங்கிய நிலையில் இருந்தால் நாணும் தொய்ந்திருக்கும். அப்போது "நிறுத்து" என்னும் செய்தி இன்னும் பலவீனமாகிறது. படுத்திருக்கையில் பாதம் தானாகவே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நீந்தும்போதும் பாதத்தை நீட்டித்தான் உதைக்கிறோம். படுக்கையும் நீச்சலும் குரக்குவலிக்கு வசதியான இடங்களாக இருப்பது இதனால்தான்.

உப்புக் குறைவா காரணம்?

1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது, பாலைவன வெப்பத்தில் உழைத்த தொழிலாளர்கள் கடும் தசைப்பிடிப்பால் அவதிப்பட்டனர். வியர்வையோடு உப்பும் வெளியேறியதே காரணம் என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டனர். உப்புக் கொடுத்ததும் வலி குறைந்தது. வயிற்றுப்போக்கு நோயாளிகளுக்குக் கால் பிடித்துக்கொள்வதும் நீரும் உப்பும் இழப்பதால்தான்.

ஆனால் எல்லாப் பிடிப்புக்கும் உப்பே காரணம் அல்ல. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பு அளவில் பெரிய வேறுபாடு இல்லை. 2010இல் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. மின் தூண்டலால் கால் தசையில் பிடிப்பை உண்டாக்கி, தண்ணீரோ வெள்ளரிக்காய் ஊறிய புளிப்புச் சாறோ கொடுத்தார்கள். சாறு குடித்தபோது பிடிப்பு விரைவில் விட்டது. சாற்றிலுள்ள உப்பு இரத்தத்தில் கலக்க நேரமே இல்லை! அதன் புளிப்பு தொண்டை நரம்புகளைத் தூண்டி, அங்கிருந்து போன செய்தி பிடிப்பை அடக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

உடனே என்ன செய்வது?

முழங்காலை நேராக நீட்டுங்கள். கால்விரல்களைக் கையால் பற்றி முழங்காலை நோக்கி மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தொய்ந்திருந்த நாண் விறைத்து, "நிறுத்து" என்னும் செய்தி மீண்டும் புறப்படும். கையால் பிடிக்க முடியாவிட்டால் கால்விரல்களை நீங்களே மேல்நோக்கி மடக்குங்கள். முன்னங்கால் தசை சுருங்கும்போது, அதற்கு எதிராக வேலை செய்யும் கெண்டைச்சதையைத் தண்டுவடம் தளர்த்திவிடும். பிறகு மெல்ல நீவிவிட்டு, சற்று நடக்கலாம்.

கிணற்றிலோ ஆற்றிலோ பிடித்துக்கொண்டால்? இங்கேதான் ஆபத்து. ஆளைக் கொல்வது பிடிப்பு அல்ல. அதனால் உண்டாகும் பதற்றம். உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு, மல்லாந்து மிதந்து, இதே முறையில் காலை நீட்டுங்கள். விட்டதும் கைகளால் துழாவிக் கரை சேருங்கள். அன்று மறுபடியும் நீரில் இறங்க வேண்டாம். தனியாக நீந்தப் போகாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் மிரட்டல் அல்ல.

வராமல் தடுக்க

சுவருக்கு எதிரே நின்று உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலைப் பின்னே வையுங்கள். முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயுங்கள். 30 விநாடிகள் அப்படியே நின்று, காலை மாற்றுங்கள். 2012இல் நெதர்லாந்தில், இரவில் கால் பிடிக்கும் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரில் ஒரு பகுதியினர் உறங்கப் போகுமுன் ஆறு வாரங்கள் கால் தசைகளை நீட்டும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குப் பிடிப்பு குறைந்தது.

பழக்கம் இல்லாமல் திடீரென்று கடுமையாக ஓடாதீர்கள். பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வெயிலில் விளையாடினால் தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் குடியுங்கள்.

அடிக்கடி பிடிப்பு வந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வயதானவர்களுக்குத்தான் இரவில் இந்தத் தொல்லை அதிகம். ஆகவே இன்றிரவே பாட்டியைச் சுவரருகே அழைத்துச் சென்று, பிடித்துக்கொண்டு, இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுங்கள். நரம்பு சுருளவில்லை என்பதையும் அப்போதே விளக்கிவிடலாம்!