பரிசோதனைக்கு முன் வாழைப்பழம் ஏன் கூடாது?

முகம் திடீரெனச் சிவந்து எரியும்; ஓயாத வயிற்றுப்போக்கு. வெயில், சாப்பாடு என்று பலர் விட்டுவிடலாம். அபூர்வமாக, சிறுகுடலில் செரோட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கார்சினாய்டு கட்டி காரணமாக இருக்கும். 2018-ல் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு வந்ததாக அறிவித்த நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் இதுவும் ஒரு வகை.

ஏன் தாமதமாகத் தெரிகிறது? குடல் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அது அந்த ஹார்மோனைச் சிதைத்துவிடும். கட்டி கல்லீரலுக்கே பரவிய பிறகுதான் பெரும்பாலும் அறிகுறி வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 24 மணி நேரச் சிறுநீரில் செரோட்டோனின் கழிவை அளப்பார்கள். அடுத்து காலியம்-68 பெட் ஸ்கேன். கட்டியில் போய் ஒட்டும் அந்தக் காலியம் சிதையும்போது பாசிட்ரான் கிளம்பும்.

வாழை, அன்னாசி, தக்காளி சிறுநீரில் அந்தக் கழிவின் அளவைப் பொய்யாகக் கூட்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.