கிடைத்ததை எரிக்கும் எஞ்சின்

டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றினால் என்ன ஆகும் என்று எந்த லாரி மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: எஞ்சின் போச்சு. ஆனால் அமெரிக்க ராணுவம் பல பத்தாண்டுகள் ஓட்டிய எம்35ஏ2 லாரியின் டேங்கில் டீசல் ஊற்றலாம், மண்ணெண்ணெய் ஊற்றலாம், ஜெட் விமான எரிபொருள் ஊற்றலாம். வேறு வழியே இல்லையென்றால் பெட்ரோலும் ஊற்றலாம். எந்தத் திருகையும் தொட வேண்டாம். எஞ்சின் தானே சமாளித்துக்கொள்ளும்.

மிச்சிகன் மாநிலத்து ரியோ நிறுவனம் 1950 வாக்கில் உருவாக்கிய இரண்டரை டன் லாரியின் வாரிசு இது. ஆறு சக்கரங்களும் இழுக்கும். ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிகளை விவசாயிகளும் கிராமத்துத் தீயணைப்புப் படைகளும் பழைய வண்டிப் பிரியர்களும் வாங்கி இன்னமும் ஓட்டுகிறார்கள். அரை நூற்றாண்டு தாண்டிய ஒரு லாரியை, அதை ஒருநாளும் ராணுவத்தில் ஓட்டிப் பார்க்காத ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் வைத்துப் பழுது பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். அதற்கான காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. போர் நடக்கும் இடத்தில் எந்த எரிபொருள் கிடைக்கும், யார் கையில் ஸ்பானர் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்தக் கவலையோடு வரையப்பட்ட இயந்திரம் இது.

முதலில் எரிபொருள் விஷயம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்க நெருக்க அது தகிக்கிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. பீய்ச்சுவதற்கும் பற்றுவதற்கும் நடுவே ஒரு சிறு தாமதம் உண்டு. டீசலுக்கு அது மிகக் குறைவு. பெட்ரோலோ, தீப்பொறி விழும்வரை பற்றாமல் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்காகவே பக்குவப்படுத்தப்பட்ட எரிபொருள். ஆகவே தாமதம் அதிகம். அதற்குள் சிலிண்டரில் பெட்ரோல் சேர்ந்துகொண்டே போகும். பற்றும்போது சேர்ந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றும். பிஸ்டனையும் பேரிங்கையும் பதம் பார்ப்பது அந்த அடிதான்.

இதற்கு வழி கண்டது ஜெர்மனியின் மான் நிறுவனம். (நம் ராணுவத்தின் சக்திமான் லாரியும் இதே மான் உரிமத்தில் ஜபல்பூரில் தயாரானதுதான்.) அங்கே பணியாற்றிய பொறியாளர் மொய்ரர் 1950களில் எல்லோரும் செய்ததற்கு நேரெதிராக ஒன்றைச் செய்தார். எரிபொருளைக் காற்றில் பனிபோல் தூவுவதுதான் வழக்கம். அவர் பிஸ்டனின் தலையில் பந்தை அழுத்தி எடுத்தது போன்ற ஒரு உருண்டைக் குழியைக் குடைந்து, அந்தக் குழியின் சுவரில் எரிபொருளைப் படலமாகப் பூசவிட்டார். உள்ளே வரும் காற்று குழிக்குள் வேகமாகச் சுழல்கிறது. சுழலும் காற்று சுவரிலிருந்து எரிபொருளை மெல்ல மெல்ல ஆவியாக்கி எடுத்துக்கொள்கிறது. காற்றில் நேராகக் கலந்த ஒரு சிறு பங்கு மட்டுமே முதலில் பற்றும். மற்றதெல்லாம் ஆவியாக ஆவியாக, வரிசையில் நின்று எரிகிறது. மொத்தமாகச் சேர்வதற்கே இடமில்லாததால் மொத்தமாக வெடிப்பதும் இல்லை. அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் இந்த முறையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டு, 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினாகச் செய்தது. காற்றைச் சுமார் 22-ல் ஒரு பங்காக நெருக்கும் எஞ்சின் அது. பற்றத் தயங்கும் எரிபொருளுக்கு அவ்வளவு சூடு வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் டீசலில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அளவை மாற்றாமல் விட்டால் மேட்டில் வண்டி திணறும். இதற்காக எரிபொருள் பம்பின் பக்கவாட்டில் ஒரு சிறு கருவி இருக்கிறது. எரிபொருள் நுண்ணிய துளைகள் வழியே எவ்வளவு இலகுவாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு அது கெட்டியா இளக்கமா என்று கண்டுகொண்டு, உச்ச அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். கம்ப்யூட்டர் இல்லை, மின்சாரம் இல்லை, ஸ்பிரிங்கும் பிஸ்டனும்தான். ஓ-ரிங் தளர்ந்து ஒழுக ஆரம்பித்ததும் பலர் இந்தக் கருவியைத் தனியே பிரித்து பைபாஸ் செய்துவிடுகிறார்கள். டீசல் மட்டுமே ஊற்றுகிறவர்களுக்கு நஷ்டமில்லைதான். ஆனாலும் அந்த வண்டியிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான பாகத்தைச் செயலிழக்கச் செய்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஓ-ரிங்கை மாற்றினாலே போதும்.

இப்படி எதையும் தாங்கும்படி செய்த வண்டியில் பழுது பார்ப்பவர்கள் காண்பது என்ன? ஓடி ஓடித் தேய்ந்ததைவிட நின்று நின்று கெட்டதுதான் அதிகம். எரிபொருள் பம்பின் உள்ளே சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகும் பிளஞ்சருக்கு எரிபொருளேதான் மசகு. வருஷக்கணக்கில் நின்றால் எரிபொருள் அரக்காகிப் பிளஞ்சர் ஒட்டிக்கொள்ளும். அப்படியே சுவிட்சைப் போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுவது அதை உடைப்பதற்குச் சமம். டேங்கைக் கழுவி, மூன்று ஃபில்டர்களையும் மாற்றிய பிறகே எஞ்சினைத் தொட வேண்டும்.

பிரேக்கில் இதே கதை உயிர்ப் பிரச்சினையாகிறது. பழைய பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியின் வீல் சிலிண்டருக்குள் துரு ஏறும். 1980களில் ராணுவம் ஈரம் உறிஞ்சாத சிலிகான் ஆயிலுக்கு மாறியது. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆறு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை. எங்காவது ஒரு குழாய் விட்டால் கால் பிரேக் மொத்தமும் போய்விடும். இந்த வண்டியை வாங்குகிறவர் எஞ்சின் சத்தத்தில் மயங்குவதற்கு முன்னால் குழாய்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

தெரியாதவரும் தொடலாம் என்பதற்கு இன்னொரு காரணம் ராணுவத்தின் கையேடுகள். ஓட்டுநருக்கு ஒன்று, படைப்பிரிவு மெக்கானிக்குக்கு ஒன்று, பெரிய பட்டறைக்கு ஒன்று என்று வேலையின் ஆழத்துக்கேற்பத் தனித்தனிப் புத்தகம். ஓட்டுமுன், ஓட்டும்போது, ஓட்டியபின் எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். அதுவும் போதாதென்று 1951-ல் பராமரிப்புக்கென்றே ஒரு மாத இதழைத் தொடங்கி, ‘தி ஸ்பிரிட்’ படக்கதையால் புகழ்பெற்ற வில் ஐஸ்னரிடம் ஓவியப் பொறுப்பைக் கொடுத்தார்கள். இருபது வருஷம் அவர் கிரீஸ் அடிப்பதையும் போல்ட் முடுக்குவதையும் படக்கதையாக வரைந்தார்.

லாரியோடு ஏலத்துக்கு வரும் ஜெனரேட்டர்களுக்கு வேறு மாதிரி நோய். எம்இபி-803ஏ என்பது 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர். நிமிஷத்துக்கு 1800 சுற்று, 60 ஹெர்ட்ஸ். ராணுவ முகாமில் பத்து கிலோவாட் இயந்திரத்தை நான்கு விளக்குக்கும் ஒரு வானொலிக் கருவிக்கும் ஓட்டியிருப்பார்கள். லோடு குறைந்தால் சிலிண்டர் போதிய சூடேறாது, பிஸ்டன் வளையம் சுவரோடு இறுகப் படியாது, எரியாத டீசலும் கரியும் சேர்ந்து கறுப்புக் குழம்பாகப் புகைக்குழாயில் வழியும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரிக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஹீட்டர்களை மாட்டி, முக்கால் லோடுக்கு மேல் சில மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் கரி எரிந்து புகை தெளிந்துவிடும்.

எஞ்சின் நன்றாக ஓடியும் வோல்ட்டேஜே வராமல் இருப்பது இன்னொரு நோய். இத்தகைய ஜெனரேட்டர்களில் நிரந்தரக் காந்தம் இல்லை. மின்சாரம் உண்டாக்கக் காந்தம் வேண்டும். அந்தக் காந்தத்தை உண்டாக்க மின்சாரம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பது, சென்ற முறை ஓடியபோது இரும்பில் தங்கிப்போன துளிக் காந்தம். சுழல ஆரம்பித்ததும் அது சில வோல்ட்டைத் தரும். அந்த மின்சாரம் காந்தத்தைப் பெருக்கும். பெருகிய காந்தம் இன்னும் மின்சாரம் தரும். நெடுநாள் கிடந்தாலும், பலமாக அடிபட்டாலும், இரும்புக்குள் ஒரே திசையில் நின்ற நுண்காந்தங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி அந்தத் துளியும் போய்விடும். அப்போது பேட்டரியிலிருந்து ஃபீல்டு சுருளுக்குச் சில விநாடி மின்சாரம் கொடுத்தால் போதும். ராணுவ இயந்திரங்களில் ஸ்டார்ட் சுவிட்சைப் பிடித்திருக்கும்போதே இது நடந்துவிடுகிறது. அதனால்தான் எஞ்சின் பற்றியதும் கையை எடுக்காமல் வோல்ட்டேஜ் ஏறும்வரை பிடித்திருக்கச் சொல்கிறார்கள். அந்த ஏற்பாடு பழுதாகிக் கையால் கொடுக்க நேர்ந்தால், பாசிட்டிவும் நெகட்டிவும் மாறக் கூடாது, ரெகுலேட்டரின் வயரைக் கழற்றிவிட்டே கொடுக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை நல்ல லோடில் ஓட்டிவந்தால் காந்தமும் தங்கும், புகைக்குழாயிலும் கரி சேராது.